சனிக்கிழமைக் குருவி

அந்த அக்காவிடம் "உண்மையாகவோ?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய நாள் போச்சு. நாம் சும்மா வாய்ப்பேச்சுக்குக் கேட்டிருப்போம். அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "காட்டுறன், வாங்க" என்பார். அதற்குப் பிறகு போகாமல் தப்பியவர்கள் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்ரின் இரண்டாவது அறையில் அவர் குடியிருந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள். அறைக்கு ஒரு நல்ல ஆள் தேவை என்று என் கணவர் நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தார். ஒரு நாள் பின்னேரம் ஒரு சூட்கேசோடு வந்து நின்றார் அக்கா. மட்டக்களப்பு. நாங்கள் 'பிறகு' என்று சொல்லும் இடத்தில் அவர்கள் 'மறுகா' என்பார்கள். இரண்டு வசனத்துக்கு ஒரு மறுகா வரும். அதைக் கேட்டால் என் கணவருக்குச் சும்மா இருக்க ஏலாது.

"அக்கா, மறுகா என்ன நடந்தது?" என்று நெளிப்புக் காட்டுவார்.

"மறுகா உங்களுக்கு இண்டைக்குச் சோறு இல்ல" என்பார் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

முதல் மாதமே நான் அகப்பட்டேன். ஜெராட் தெருக் கடையொன்றில் முருங்கையிலை விற்கிறார்கள் என்று அக்கா சொன்னார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு, "உண்மையாகவோ?" என்றேன். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கோட்டும் தொப்பியுமாக பஸ்சில் இருந்தேன். பஸ், பிறகு ரயில், பிறகு தெருவில் ஓடும் ட்ராம். போய்ப் பார்த்தால் கடை பூட்டு. காற்று முகத்தைக் கிழித்தது. "அக்கா, நான் நம்புறன், வாங்கோ போவம்" என்று கெஞ்சினேன். "நீங்க குளிருக்குப் பயந்து நம்புறீங்க. அது நம்பிக்கை இல்லகா" என்றார். கடைக்காரர் வந்து திறக்கும்வரை நின்றோம். ஒரு பெட்டியின் அடியில் கறுத்துப்போன ஒரு பிடி முருங்கையிலை கிடந்தது. அக்கா அதைத் தூக்கி என் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "இரிக்கா இல்லயா?" என்று கேட்டார். இருக்குது என்றேன். அதைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "வாடிப்போச்சு, நமக்கு வேணாம்" என்று வெளியே நடந்தார். வாங்குவதற்காக வந்திருக்கிறோம் என்று நினைத்தது என் மடைத்தனம்.

இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே குசினியில் வாழ்வது லேசான காரியமில்லை. எனக்கு அவரைப் பிடித்ததா என்று கேட்டால், சில நாட்களில் பிடித்தது, சில நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பனிக்காலக் கோட்டுகளுக்குச் சிப் தைக்கும் பக்டரியில் அவருக்கு வேலை. அங்கேயும் இதே கூத்துத்தான் என்று கூட வேலை செய்த பெண்கள் சொல்வார்கள். தைத்தது பிழை என்று மேற்பார்வைக்காரி சொன்னால், அந்தக் கோட்டை அவளுக்கே போட்டுவிட்டுச் சிப்பை மேலும் கீழும் இழுத்துக் காட்டுவாராம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊருக்குப் படம் அனுப்ப வேண்டும். வெறுமனே நின்று எடுத்தால் காணாது. யாருடைய காராவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் நல்ல நிறமான ஒரு காரைப் பார்த்து, அதன் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு சிரித்தால் ஊரில் நாங்கள் வாழ்ந்துவிட்டோம். எங்கள் மாமியாரின் வீட்டுச் சுவரில் இன்றும் என் கணவர் கீழ்வீட்டுப் போத்துக்கீசருடைய சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அதற்காகவே அவர் ஒரு சின்னக் கமரா வாங்கியிருந்தார்.

அக்காவையும் கூப்பிட்டார். அக்கா வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஆருட கார்?"

"கீழ்வீட்டுக்காரற்றை."

"மறுகா நான் ஏன் அதில சாயணும்?"

"சரி, வீட்டுக்குள்ளை பிறிஜ்ஜுக்குப் பக்கத்திலை நில்லுங்கோ."

"பிறிஜ்ஜும் கட்டடக்காரன்டதானே."

"எண்டால் அந்த மரத்துக்குக் கீழையாவது நில்லுங்கோ அக்கா!"

"மரம் நகரசபைக்காரன்ட" என்று சொல்லிவிட்டு அக்கா மேலே ஏறிப் போய்விட்டார். இப்படித்தான் அவருடைய படம் ஒன்றுகூட ஊருக்குப் போகாமல் வருடங்கள் போயின. அங்கே அவருக்கு ஒரு மகள் இருந்தாள், தன் சின்னம்மாவின் வீட்டில். அக்காவின் கணவர் இல்லை. எப்படி இல்லாமற் போனார் என்று அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. மகளைப் பற்றி மட்டும் நாள் முழுவதும் கதைப்பார். கடிதத்தைவிடக் கசெற்றில்தான் தாயும் மகளும் பேசிக்கொள்வார்கள். வெற்றுக் கசெற்றில் பேசிப் பதிந்து, போகிற வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவது அப்போது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்.

இனிக் குருவிக்கு வருகிறேன். அதற்கு முதல் காகத்தைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைகளில் அக்கா விரதம். எள்ளும் தயிரும் கலந்த சோற்றை முதலில் காகத்துக்கு வைத்து, அது வந்து கொத்திய பிறகுதான் தான் சாப்பிடுவார். ஊரில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை, சோற்றுப் பானையைத் திறக்க முதலே காகம் வந்து நிற்கும். ஸ்காபரோவிலும் காகம் இல்லாமலில்லை. ஆனால் இந்த நாட்டுக் காகத்துக்குச் சனிக்கிழமை தெரியாது. அக்கா எங்கள் பல்கனியின் அகலமான கைப்பிடிக் கம்பியில் சோற்றை வைத்துவிட்டு, "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார். எதிர்க் கட்டடத்தில் திரைச்சீலைகள் விலகும். நான் வெட்கத்தில் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

காகம் வரவில்லை, புறாக்கள் வந்தன. புறாக்களின் பின்னால் சுப்பர் வந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பறவைக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது என்று கத்தினார். அக்கா அவரைக் கதிரையில் இருத்தி, தெரிந்த இங்கிலீஷில், "பேட் ஈற் பெஸ்ற். மீ ஈற் லாஸ்ற்" என்றார், பறவை முதலில், தான் கடைசியில் என்று. பின்னேரமாகியும் அக்கா ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை என் வாயால் கேட்டபோது அந்த மனிதர் திகைத்துப் போனார். பல்கனியைக் கூட்டித் துப்புரவாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அப்படியிருக்க, எண்பத்தாறாம் ஆண்டு இளவேனிலில், மிஞ்சிய புக்கையை அக்கா கம்பியில் வைத்தார். சர்க்கரை போட்டு, காய்ந்த திராட்சையான முந்திரிகை வத்தல் போட்டுப் பொங்கிய புக்கை. நெஞ்சு செங்கல் நிறத்தில் இருக்கும் ஒரு குருவி வந்தது. இங்குள்ளவர்கள் றொபின் என்பார்கள். ஒரு சோறு தொடவில்லை. வத்தலை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி விழுங்கிவிட்டுப் போனது.

"அக்கா, இது காகமில்லையே, விரதம் செல்லுமோ?" என்று என் கணவர் சீண்டினார்.

"கனடாவுக்கு வந்து நீங்க தமிழரா இல்லாமப் போனீங்களா? அதைப்போலத்தான். இது இங்கத்தக் காகம்" என்று அக்கா சாப்பிட உட்கார்ந்தார்.

பிறகு ஒவ்வொரு சனியும் வத்தல். குருவியும் வந்தது. ஒரு காலையில், எல்லோரும் கோட்டைக் கழுவி உள்ளே வைத்த பிறகு, பனி கொட்டியது. அந்தப் பனிக்குள் கம்பியில் நின்று அந்தக் குருவி வாயைத் திறந்து பாடியது. நானும் கேட்டேன். ஏறி இறங்கி, நிறுத்தி, மீண்டும் ஏறி, வெகுநேரம் பாடியது. அக்கா கையில் தேத்தண்ணியோடு அசையாமல் நின்றார். அன்று பின்னேரமே அதைக் கசெற்றில் மகளுக்குச் சொன்னார்.

அடுத்த பனிக்காலத்தில் நல்ல செய்தி வந்தது. மகளைக் கனடாவுக்குக் கூப்பிடும் அலுவல் எல்லாம் சரி, கொழும்புக்குப் போய் விசாவுக்கான மெடிக்கல் எடுத்தால் போதும். அக்கா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பின்னாலேயே ஊரிலிருந்து கசெற் வந்தது. குசினி மேசையில் வைத்து மூன்று பேரும் கேட்டோம். முதலில் சின்னம்மா பேசினார். பிள்ளை வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, கொழும்புக்கு வெளிக்கிடச் சொன்னால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கிறது, தூக்கிக்கொண்டு போகிற வயதா என்று அழாக்குறையாகச் சொன்னார். பிறகு மகளின் குரல்.

"அம்மா, பனி நாட்டில குருவி எல்லாம் செத்துப் போகுமாம். ரீச்சர் சொன்னவ. நீங்க சும்மா சொல்றீங்க. நீங்க எப்பவும் சும்மாதான் சொல்றீங்க. நான் வரமாட்டன்."

ரெக்கோடரை நிறுத்திய சத்தம். பிறகு மறுபடி அமத்திய சத்தம். பின்னால் ஒரு கோழி கத்தியது.

"பனிக்குள்ள குருவி பாடுறதப் படம் எடுத்து அனுப்புங்க. அப்பத்தான் வருவன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இப்படி ஒரு பிடிவாதத்தை யார் வயிற்றிலிருந்து கொண்டு வந்தது என்று கேட்கவா வேண்டும். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, உங்கட கமராவைத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பங்குனியில் குருவி திரும்பி வந்தது. அப்போது பனிக்கும் குறைவில்லை. ஒரு விடியற்காலை நல்ல பனி, கம்பியில் குருவி. அக்கா படுக்கையிலிருந்து எழும்பின கோலத்தில், கலைந்த தலையோடு, இரவுடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, கதவைத் திறந்தால் பறந்துவிடும் என்று கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றே அமத்தினார். பளீரென்று பிளாஷ் அடித்தது. குருவி எங்கோ போய்விட்டது.

கழுவி வந்த படத்தைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கண்ணாடியில் பிளாஷ் பட்டு ஒரு பக்கம் வெள்ளையாகப் பொங்கியிருந்தது. பின்னால் அறை லைற் எரிந்தபடியால் அக்காவே கண்ணாடியில் விழுந்திருந்தார். ஒரு கண்ணை இறுக்கிப் பூட்டி, மற்றக் கண்ணில் கமராவை வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தலைமயிர் நாலு பக்கமும் பறக்க நிற்கிறார். அவருடைய தோளுக்குப் பக்கத்தில், வெளியே, பனி மூடிய கம்பியில் ஒரு சிவத்தப் பொட்டு. அதுதான் குருவி.

"பேய் மாதிரி இரிக்கன்" என்று அக்கா அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

பனி கரைந்தது. புல் பச்சையானது. சித்திரை வருசமும் பிறந்து, கைவிசேடக் காசும் வாங்கியாயிற்று. வாசலில் ரியூலிப் முளைத்துவிட்டது. அக்கா மட்டும் கோட்டை உள்ளே வைக்கவில்லை. "இன்னும் ஒரு பனி இரிக்கி" என்றார். பக்டரியில் சிரித்தார்கள், கோயிலில் சிரித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் மெடிக்கலுக்குக் கடைசித் தவணை போட்டிருந்தது. அது தாண்டினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, உதென்ன விசர் வேலை? குருவி இல்லாட்டி வேறை ஒரு பொய்யைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ. பொம்மை வாங்கி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. வந்த பிறகு எல்லாம் சரிவரும்" என்றேன்.

அக்கா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பூட்டினார்.

"பொய் சொல்லித்தான்கா விட்டுட்டு வந்தனான்" என்றார். "கூட்டிட்டுப் போக வழியில்ல. அழுதாளெண்டா என்னால வெளிக்கிட ஏலா. கடைக்குப் போயிட்டு வாறன் புள்ள, பாணும் சீனியும் வாங்கிட்டு வாறன் எண்டு சொன்னனான். அவளுக்குப் பாண் துண்டில சீனி தூவினா வேற ஒண்டும் வேணாம். கேற்றடியில நிண்டு கை காட்டினவள். பின்னேரம் வரைக்கும் அதிலயே நிண்டவளாம்."

ஒரு மனிசி ஏன் ஒரு வாடின முருங்கையிலையைக் காட்ட மூன்று வண்டி மாறிப் போகிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சேர்ந்து அரிசியைக் கழுவி உலையில் போட்டோம்.

அன்று பின்னேரம் இரண்டு பேருமாகப் படம் கழுவும் கடைக்குப் போனோம். கவுண்டரில் நின்ற பெட்டையிடம் நான் மொழிபெயர்க்க, அக்கா கேள்வி கேட்டார். பிளாஷை எப்படி நிறுத்துவது, எவ்வளவு கிட்டப் போகலாம், பனியின் வெள்ளைக்கு என்ன செய்வது. அந்தப் பெட்டை வாயால் சொன்னாள். "காட்டச் சொல்லுங்க" என்றார் அக்கா. வேறு ஆட்கள் வரிசையில் நிற்க, அவள் கமராவைத் திறந்து, மூடி, பிடித்துக் காட்டினாள். அக்கா திரும்பச் செய்து காட்டினார். வீட்டுக்கு வந்து பல்கனிக் கதவைக் கழற்றாத குறையாக அதன் சில்லுகளுக்கு எண்ணெய் விட்டார், சத்தமில்லாமல் திறக்க வேண்டுமாம். ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்து, வெளியே சின்ன ஸ்ரூலில் அசையாமல் இருந்து பழகினார். குருவியும் அவரைப் பார்த்துப் பழகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பனி வந்தது. சித்திரை முடியப்போகும் ஒரு சனிக்கிழமை விடியலில் எழும்பிப் பார்த்தால் ரியூலிப் எல்லாம் தலை குனிந்து வெள்ளைக்குள் கிடக்கிறது. எனக்கு முதல் அக்கா எழும்பிவிட்டார். குளித்து, விரதச் சேலை கட்டி, அதற்கு மேல் கோட்டு, அதற்கு மேல் கட்டில் விரிப்பு. கம்பியில் ஒரு கையளவு பனியைத் தள்ளிவிட்டு வத்தலை வைத்தார். "கா... கா..." என்று ஒருமுறைதான் கூப்பிட்டார், அதுவும் மெல்ல. நானும் அன்றைக்குக் குளியலறைக்குள் ஓடவில்லை.

காத்திருந்தார். என் கணவர் கதவடியில் போய், "அக்கா, விறைச்சுப் போவியள், உள்ளுக்கை வாங்கோ, யன்னலுக்குள்ளாலை பாப்பம்" என்றார். அக்கா கையால் போ என்று காட்டினார். புறா வந்தது. அதை ஒரு முறை முறைத்தார், போய்விட்டது. தேத்தண்ணி கொடுத்தேன், விரதம் என்றார். தலையிலும் மடியிலும் பனி ஏறியது. கையுறை போட்டால் விரல் அமத்தாது என்று வலக்கையை வெறுமனே வைத்திருந்தார், அந்த விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்துப் போயின. பிள்ளையாரே, அந்தக் குருவியை ஒருக்கால் அனுப்பிவிடும் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

வந்தது. நேரே கம்பியில் இறங்கி வத்தலை விழுங்கியது. அக்கா அமத்தவில்லை. "எடுங்கோ, எடுங்கோ" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கணவர் கையை உதறினார். அக்கா அசையவில்லை. சாப்பிடுகிற குருவியையா அந்தப் பிள்ளை கேட்டது? பாடுகிற குருவியை அல்லவா கேட்டது. கடைசி வத்தலும் முடிந்தது. குருவி பறந்துபோய்ப் பக்கத்து மரக் கொப்பில் உட்கார்ந்து, உடம்பைச் சிலிர்த்துப் பனியை உதறி, இங்கும் அங்கும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. அக்கா ஒரு கண்ணைப் பூட்டினார். அமத்தினார்.

உள்ளே வந்து கமராவை மேசையில் வைத்தார். விரலை மடக்க ஏலவில்லை. நான் அவருடைய கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன். "சாப்பாட்டப் போடுங்க கா, பசிக்கிது" என்றார். என் கணவர் தானே சாப்பாட்டுக் கோப்பை எடுத்துச் சோறு போட்டுக் கொடுத்தார்.

படம் என்றால் அது படம். ஒவ்வொரு பனித்துளியும் தெரிந்தது. செங்கல் நெஞ்சு, விரிந்த மஞ்சள் அலகு, அலகுக்குள் நாக்குக்கூடத் தெரிந்தது. கழுவும் கடைப் பெட்டை அதைத் தன்னோடு வேலை செய்பவர்களுக்கெல்லாம் காட்டினாளாம். ஊருக்குப் போகும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அதைக் கையில் கொடுத்துவிட்டோம். பதில் கசெற் கெதியாக வந்தது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டுதான் மேசையைச் சுற்றி இருந்தோம்.

"அம்மா," என்றது குரல். "இது கலண்டர்ப் படம். எங்கட பள்ளிக்கூடத்திலயும் இப்படிக் கலண்டர் தொங்குது. நீங்க வெட்டி அனுப்பி இரிக்கீங்க."

இவ்வளவுதான். பிறகு கசெற் சும்மா ஓடியது.

அக்கா அழுததை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். சத்தம் போடவில்லை. மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். "நான் என்ன செஞ்சாலும் அது பொய்யாத்தான் போகுது" என்றார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, படம் நல்லா வந்ததுதான் பிழை! உந்தப் பேய்ப் படத்தை அனுப்பியிருந்தால் ஆர் கலண்டர் எண்டு சொல்லுவினம்?" என்று கத்தினார். அவர் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அக்கா தலையை நிமிர்த்தினார்.

போய் எடுத்து வந்தார். மூன்று பேரும் அதைத் திரும்பப் பார்த்தோம். யாருடைய காரும் இல்லை, பிறிஜ்ஜும் இல்லை. பூட்டின ஒரு கண், கடித்த உதடு, வாரி இழுக்காத தலை. தோளுக்குப் பக்கத்தில் பனி, பனியில் சிவத்தப் பொட்டு. இந்த முறை ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இந்தக் கோலத்தில என்னைப் பாத்தா பயந்துருவாள்" என்றார்.

"உங்கடை கோலம் அவளுக்குத் தெரியட்டும் அக்கா" என்றேன்.

அனுப்பினோம். தவணைக்கு ஆகக் கொஞ்ச வாரங்களே இருந்தன. அந்த நாட்களில் அக்கா வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். யாரும் எதையும் நம்பாமல் கேட்டாலும்கூட, "காட்டுறன்" என்று எழும்பவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கசெற் வந்தது. அக்கா கேட்க மாட்டேன் என்று குசினியில் நின்றுகொண்டார். நான்தான் போட்டேன்.

"அம்மா, நீங்க ஏன் இப்படி மெலிஞ்சிட்டீங்க? தலை இழுக்கிறயில்லயா? குருவி உங்களுக்குப் பக்கத்திலதான் இரிக்கி. நான் கண்டுட்டன். சின்னம்மாவும் கண்டவ. நாளைக்குக் கொழும்புக்குப் போறம். அங்க கனடாவில குளிருமா? குருவிக்கு நானும் சாப்பாடு வைக்கணும். மறுகா..."

மறுகா என்னவென்று சொல்ல முதல் கசெற் முடிந்துவிட்டது. என் கணவர் அந்தச் சொல்லுக்குப் பகிடி பண்ணாமல் விட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கோடையில் மகள் வந்தாள். இங்கு வரும் ஒரு குடும்பத்தோடு அனுப்பியிருந்தார்கள். விமான நிலையத்துக்குப் போக, இந்த முறை சொந்தமாக வாங்கியிருந்த எங்கள் பழைய காரில் வெளிக்கிட்டோம். பாதி வழியில் அக்கா நிறுத்தச் சொன்னார். கடைக்குள் போக வேணுமாம்.

"என்ன வாங்க?"

"பாண்."

"வீட்டிலை ரெண்டு பாண் கிடக்குது அக்கா! பிளேன் இறங்குற நேரம்!" என்று என் கணவர் ஸ்ரியறிங்கில் அடித்தார்.

நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்துங்கோ, பேசாமல் இருங்கோ என்றேன். அக்கா போய் வாங்கி வந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று அக்காவைப் பார்க்க வேண்டும். கூறைப்பட்டு, இரட்டைப் பின்னல் போட வயதில்லை என்று சொல்லி வழுவழுவென்று எண்ணெய் வைத்து இழுத்த கொண்டை, பவுடர், பொட்டு. ஆட்கள் வெளியே வந்தபடி இருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு பெட்டை, உயரமாக, கையில் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு. படத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். என் முகத்தைத் தாண்டி, அக்காவின் முகத்தைத் தாண்டி, பின்னால் நின்றவர்களைத் தேடினாள். விட்டுவந்தபோது இடுப்புயரம் இருந்த பிள்ளை. தாய் இப்படிப் பட்டுச் சேலையில் நிற்பார் என்று அவள் கையிலிருந்த படம் சொல்லவில்லை. அக்காவுக்குக் குரல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. பெட்டை எங்களைத் தாண்டி நடக்கப் பார்த்தாள்.

அப்போது அக்கா பையை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினார். கமராவைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். ஒரு கண்ணை இறுக்கிப் பூட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டை நின்றாள். படத்தைப் பார்த்தாள். பிறகு அவள் வந்த வேகத்தில் அக்காவின் கொண்டை அவிழ்ந்து, தலை அந்தப் படத்தில் இருந்த மாதிரியே ஆகிவிட்டது. வெகுநேரம் இரண்டு பேரும் விடவில்லை. நான் அழுதேன், ஒளிக்காமல் அழுதேன். என் கணவர் சூட்கேசின் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்னிடமிருந்து பையை வாங்கி, உள்ளேயிருந்து பாணையும் ஒரு பக்கெற் சீனியையும் எடுத்து மகளின் கையில் வைத்தார்.

"கடை தூரம் புள்ள," என்றார். "அதுதான் சுணங்கிப் போச்சு."